சிவப்புப் பூவுக்குப் போட்டியாக ஒரு மஞ்சள் பூ

1918 நவம்பர் 11, காலை 11 மணி. முதல் உலகப் போரின் மேற்கு முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. மறு ஆண்டிலிருந்து பிரிட்டனில் அந்த நாளில் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கிறார்கள். சட்டையில் சிவப்பு பாப்பிப் பூ அணிவதும் இதோடு சேர்ந்த வழக்கம்தான்.

எத்தனையோ பூக்கள் இருக்க, பாப்பி ஏன்? இது சமையலுக்குப் போடும் கசகசாவின் உறவுக்காரச் செடி. இதன் விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறினால் முளைத்துவிடும். பீரங்கிக் குண்டுகளும் பதுங்குகுழிகளும் பெல்ஜியத்து வயல்களைப் புரட்டிப் போட்டன. கல்லறைகளுக்கு நடுவே பாப்பி பூத்தது. அதைப் பார்த்து கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915-ல் எழுதிய கவிதை எங்கும் பரவியது. 1918-ல் அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் இந்தப் பூவை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். 1921 முதல் பிரிட்டனில் செயற்கைப் பூக்களை விற்று, அந்தப் பணத்தில் முன்னாள் வீரர்களுக்கு உதவினார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இலங்கையிலும் பாப்பி விற்பனை நடந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட வாங்கினார்கள். ஆனால் வசூலில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. போரில் இருந்த இலங்கையருக்குக் கிடைத்ததோ கொஞ்சம்தான்!

இதை எதிர்த்து 1931-ல் ஏலியன் பெரேரா ஒரு மாற்று வழி கண்டார். அதே நவம்பர் 11-ல் சூரியப் பூவை விற்று, இலங்கை முன்னாள் வீரர்களுக்கு நிதி திரட்டினார். 'சூரிய' என்பது சிங்களப் பெயர். தமிழில் அது பூவரசு! பீப்பீ ஊதக் குழந்தைகள் இலை பறிக்கும் அதே மரம்.

1933-ல் தெற்குக் கொழும்பு இளைஞர் சங்கம் இதை மீண்டும் கையில் எடுத்தது. 'சூரியமல் இயக்கம்' ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே மாறியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஓர் ஆங்கிலேயப் பெண் என்பதுதான் ஆச்சரியம். கொழும்பில் பள்ளி முதல்வராக இருந்த டோரீன் யங், பின்னாளில் டோரீன் விக்கிரமசிங்க. இலங்கைப் பிள்ளைகளின் காசில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு உதவுவது நியாயமா என்று பத்திரிகையில் எழுதியே கேட்டவர் அவர். 1934-35-ல் மலேரியா இலங்கையை உலுக்கியபோது, இந்த இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியதில் இவர்களில் பலருக்குப் பங்குண்டு.

அதே 1933-ல் பிரிட்டனிலும் கூட்டுறவு இயக்கத்துப் பெண்கள், இனிப் போரே வேண்டாம் என்று வெள்ளைப் பாப்பி அணிந்தார்கள்.

பூவரசை விற்றவர்கள் செத்த வீரர்களை அவமதிக்கவில்லை. எல்லோரும் ஒரே போரில்தானே நின்றார்கள், உதவி மட்டும் ஏன் ஒரு பக்கமாகப் போகிறது என்றுதான் கேட்டார்கள். அஞ்சலி செலுத்த இரண்டு நிமிடம் போதும். உயிரோடு திரும்பி வந்தவனின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க, வருடம் முழுவதும் வேண்டும்.