கேக் விற்பது ஹாபியா, பிசினஸா? வருமான வரி எப்படிப் பார்க்கும்?

“வேலைக்கு நடுவுல வீக் எண்ட்ல கேக் செஞ்சு இன்ஸ்டால விக்கிறேன். இது சும்மா ஹாபிதான், இதுக்கெல்லாமா டாக்ஸ்?” - இப்படிக் கேட்காத ஆள் இல்லாத ஃப்ரெண்ட்ஸ் குரூப் இப்போ குறைவு.

நேரடியாகவே சொல்லிடலாம். நம் வருமான வரிச் சட்டத்தில் ‘ஹாபி’ என்று தனி விலக்கு கிடையாது. சுப்ரீம் கோர்ட் இதை எப்போதோ தெளிவாக்கிவிட்டது. போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற கிருஷ்ண மேனன், திருவனந்தபுரத்தில் வேதாந்தம் கற்றுக்கொடுத்தார். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்துபோன சீடர் ஒருவர் அவ்வப்போது பெரிய தொகைகளைக் கொடுத்தார். ‘லாப நோக்கமே இல்லையே’ என்ற வாதம் எடுபடவில்லை. கற்பிப்பது அவர் தொழில், அதனால் வந்த பணத்துக்கு வரி உண்டு என்று 1958-ல் தீர்ப்பு வந்தது. வேதாந்தத்துக்கே இந்த நிலைமைன்னா, பிளம் கேக் எம்மாத்திரம்!

அப்போ எது பிசினஸ்? ஒரே அளவுகோல் இல்லை. விற்பதற்காகவே வாங்குறீங்களா, தொடர்ந்து ஆர்டர் எடுக்குறீங்களா, விளம்பரம் பண்றீங்களா என்று மொத்தமாகப் பார்ப்பார்கள். வீட்டு சோபாவைப் பழசாயிடுச்சுன்னு ஆன்லைனில் தள்ளிவிடுவது பிசினஸ் இல்லை. மாசா மாசம் பழைய சோபாக்களை வாங்கி, பாலிஷ் போட்டு விற்றால் பிசினஸ்தான்.

பிசினஸ் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கும் லாபம் உண்டு. மாவு, வெண்ணெய், டெலிவரி செலவைக் கழித்துக்கொள்ளலாம். கணக்கு எழுத சோம்பலா? 2 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ள சிறு வியாபாரிகளுக்கு உத்தேச வரி முறை இருக்கிறது. டிஜிட்டலில் வந்த பணத்தில் குறைந்தது 6%, ரொக்கத்தில் 8% லாபம் என்று காட்டினால் போதும். 3 லட்சத்துக்கு முழுக்க ஜிபேயில் விற்றவருக்கு, 18,000 ரூபாய் சம்பளத்தோடு சேரும். நிஜ லாபம் அதைவிட அதிகமென்றால் அதைக் காட்டுவதுதான் முறை. ஐ.டி.ஆர்-1 படிவம் இதற்குச் செல்லாது, ஐ.டி.ஆர்-4 எடுக்க வேண்டும்.

சிலர் உல்ட்டாவாக யோசிப்பார்கள். லட்ச ரூபாய் கேமரா வாங்கி, நாலு நண்பர்கள் கல்யாணத்தில் ஃப்ரீயா போட்டோ எடுத்துட்டு, ‘போட்டோகிராபியில் நஷ்டம்’ என்று சம்பளத்தில் கழிக்கப் பார்ப்பார்கள். அது நடக்காது பாஸ். நிஜமான பிசினஸ் நஷ்டத்தையே சம்பளத்தோடு கழிக்கச் சட்டம் விடாது. அடுத்த 8 வருட பிசினஸ் லாபத்தில் மட்டும் கழிக்கலாம், அதுவும் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால். அன்றைக்கு கேள்வி வந்தால் காட்ட பில்கள் வேண்டும். கேக் பணத்துக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கை இப்போதே ஆரம்பிச்சுடுங்க.