சமரசத்தில் கையெழுத்திடுவது யார்?

டெல்லி விமான நிலைய மெட்ரோ தடத்தில் 2011 பிப்ரவரியில் ரயில்கள் ஓடத் தொடங்கின. தடத்தை இயக்கிய ரிலையன்ஸ் குழும நிறுவனம், மேம்பால கர்டர்களிலும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளிலும் குறைபாடு இருப்பதாகக் கூறி 2012 ஜூலையில் சேவையை நிறுத்தியது. 90 நாள் அவகாசத்துக்குள் குறைகள் களையப்படவில்லை என்று அக்டோபரில் அரசு மெட்ரோ நிறுவனத்துடனான ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. பழுதுபார்ப்புக்குப் பின், 2013 ஜனவரியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் சான்றளித்தார். மணிக்கு 50 கிலோமீட்டர் என்ற வேகக் கட்டுப்பாட்டுடன் ரயில்கள் மீண்டும் ஓடின. பாலம் சரியாகிவிட்டதா, இல்லையா? பொறியாளர்கள் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய இந்தக் கேள்விதான் உச்ச நீதிமன்றம் வரை போனது.

2017 மே மாதம் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாக ஏறக்குறைய 2,782 கோடி ரூபாயும் வட்டியும் வழங்கியது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ஏற்றார். 2019-இல் டிவிஷன் பெஞ்ச் ரத்து செய்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. அதன் பிறகும், அரிதிலும் அரிதாகவே ஏற்கப்படும் 'கியூரேட்டிவ்' மனுவில், 2024 ஏப்ரல் 10 அன்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழை நடுவர் மன்றம் கணக்கில் கொள்ளவில்லை என்பது அதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதற்குள் தொகை வட்டியோடு சுமார் 8,000 கோடியாக வளர்ந்திருந்தது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 3 அன்று மத்திய நிதி அமைச்சகம் புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டுமே இனி நடுவர் மன்றம். பெரிய தகராறுகளுக்குச் சமரசம், அது பலிக்காவிட்டால் நீதிமன்றம். நடுவர் மன்றங்களால் காலமும் பணமும் விரயமாகின்றன என்பது அமைச்சகத்தின் குறை. அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான். நடுவர் தீர்ப்பு இறுதியானது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசுத் துறைகளே தோற்றதும் மேல்முறையீட்டுக்கு ஓடினால், எந்த மன்றத்தை வைத்தும் காலம் மிச்சமாகாது.

ஏன் ஓடுகிறார்கள்? கோப்பு நகரும் விதத்தைப் பார்த்தால் புரியும். 100 கோடி கேட்கும் ஒப்பந்ததாரருக்கு 40 கோடி கொடுத்து முடிக்கலாம் என்று குறிப்பெழுதும் அதிகாரியைத் தணிக்கைத் துறை கேள்வி கேட்கும். ஊழல் கண்காணிப்பு ஆணையமும் சிபிஐயும் கதவைத் தட்டலாம். மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதுபவரை யாரும் கேட்பதில்லை. வழக்கு முடிந்து வட்டியோடு பணம் கட்டும் நாளில் அவர் வேறெங்கோ மாறுதலாகிப் போயிருப்பார். கெட்ட நோக்கம் இல்லாமலேயே அதிகாரியைக் குற்றவாளியாக்கக்கூடிய ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 2018-இல் நீக்கப்பட்டது. அச்சம் மட்டும் நீங்கவில்லை.

2023-இல் வந்த 'விவாத் சே விஸ்வாஸ்-2' திட்டம் இதற்கு நல்ல சான்று. நீதிமன்றத் தீர்ப்பானால் தொகையில் 85 சதவீதம் வரை, நடுவர் தீர்ப்பானால் 65 சதவீதம் வரை கொடுத்து வழக்கை முடிக்கலாம் என்று அரசே வாய்ப்பாடு வகுத்தது. நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால் 500 கோடி வரையிலான கோரிக்கைகளைத் துறை மறுக்கவும் முடியாது என்றும் அது விதித்தது. தொகையை முடிவு செய்யும் பாரத்தை அதிகாரியின் தோளிலிருந்து இறக்கி வைத்ததே அந்தத் திட்டத்தின் சிறப்பு.

சமரசப் பேச்சுக்கு அத்தகைய வாய்ப்பாடு கிடையாது. அங்கே யாரோ ஒருவர் தொகையைச் சொல்லிக் கையெழுத்திட்டாக வேண்டும். அரசு தரப்பில் உடன்பாடு கையெழுத்தாகுமுன் உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை என்கிறது 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம். அதாவது, கோப்பு மறுபடியும் அதே மேசைகளுக்குப் போகும்.

அமெரிக்கா இதை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. டென்னசி–டாம்பிக்பி நீர்வழிப் பணியில் மண்ணின் தன்மை ஒப்பந்தத்தில் சொன்னபடி இல்லை என்று ஒப்பந்ததாரர் 55 மில்லியன் டாலருக்கு மேல் கோரினார். 1985-இல், முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ராணுவப் பொறியாளர் படையின் உயரதிகாரியும் நிறுவனத்தின் தலைமையும் ஒரு சட்டப் பேராசிரியர் முன்னிலையில் சில நாட்கள் உட்கார்ந்து பேசினர். சுமார் 17 மில்லியன் டாலரில் விவகாரம் முடிந்தது. அதன் மீதும் புகார் போனது. பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் விசாரித்து, உடன்பாடு அரசின் நலனுக்கு உகந்ததே என்றார். கையெழுத்திட்டவரிடம் கேள்வி கேட்கப்பட்டது. ஆவணங்கள் பதில் சொல்லின.

பெரிய தகராறுகளைப் பரிசீலிக்க ஓய்வுபெற்ற நீதிபதி, தொழில்நுட்ப வல்லுநர் போன்றோர் கொண்ட உயர்மட்டக் குழுவை அமைக்கலாம் என்று 2024 நெறிகளும் இடம் தருகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் குழு பரிந்துரைத்த தொகைக்கு ஒப்புதல் தரும் அதிகாரிக்குப் பாதுகாப்பு வேண்டும். வழக்கைத் தொடர்ந்தால் ஆகும் செலவு, வட்டி, தோற்கும் வாய்ப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கோப்பில் பதிந்திருந்தால், அந்த முடிவின் மீது பிற்பாடு தனிப்பட்ட பொறுப்பு சுமத்தக் கூடாது. மேல்முறையீடு செய்யச் சொல்பவரும் அதே கணக்கை எழுதிக் காட்ட வேண்டும். நிதி அமைச்சகமும் தணிக்கைத் துறையும் கூடிப் பேசி இந்த இரு விதிகளையும் நெறிகளில் சேர்க்க வேண்டும்.