குடியிருந்துகொண்டே தூணை மாற்றிய கதை

பழைய லினக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது சுலபம். அழிக்காமல், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் புதிதாக்க முடியுமா? 1998-இல் டெபியன்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்ப்போம். லினக்ஸில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் தூண் மாதிரி நிற்பது சி லைப்ரரி. அதை நீக்கிவிட்டால் கோப்பை நகலெடுக்கும் சின்ன நிரல்கூட ஓடாது. அப்புறம் எதை வைத்துச் சரி செய்வது?

1990களின் தொடக்கத்தில் லினக்ஸ்காரர்கள் குனு திட்டத்தின் சி லைப்ரரியை எடுத்துத் தனியாக வளர்த்தார்கள். அதன் கடைசிப் பெரிய பதிப்பு லிப்சி 5. இதற்கிடையே குனுவின் மூல லைப்ரரி நன்றாக வளர்ந்து, 1997-இல் 2.0 ஆக வந்தது. தனிவழி போதும் என்று லினக்ஸ் உலகம் அதற்கே திரும்பியது. லினக்ஸில் அதன் பெயர் லிப்சி 6. ரெட் ஹாட் 5.0 (1997 டிசம்பர்) முதலிலேயே மாறிவிட்டது. டெபியன் மாறியது 1998 ஜூலையில் வந்த 2.0-இல்.

பெயரில் 5, 6 என்று எண் வேறாக இருந்ததால் இரண்டு லைப்ரரியும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடிந்தது. பழைய நிரல் பழையதைத் தேடும், புதியது புதியதைத் தேடும். ஆனால் ஒரே நிரலுக்குள் இரண்டும் கலந்தால் ஆபத்து! அதனால் மற்ற லைப்ரரிகளுக்கும் புதிய பிரதி தேவைப்பட்டது. அவற்றின் பெயரில் 'ஜி' என்ற எழுத்தைச் சேர்த்தார்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் லோடர், பிறகு லிப்சி 6, அதன்மேல் நிற்கும் லைப்ரரிகள், அதற்கும் பிறகுதான் பாஷ் ஷெல். வரிசை தப்பினால் ஷெல்லே திறக்காது. கட்டளை கொடுக்க இடமே இருக்காது. இன்று நாம் நம்பியிருக்கும் ஏப்டி கருவி அதிகாரப்பூர்வமாக வந்தது 1999 மார்ச்சில், டெபியன் 2.1 உடன்தான். அதனால் இந்த வரிசையைத் தவறாமல் நடத்த 'ஆட்டோஅப்' என்ற ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார்கள்.

அப்படியும் சிக்கல் வந்தது. யார் யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்று குறிக்கும் கோப்பின் அமைப்பு இரண்டு லைப்ரரிகளிலும் வேறு. பழைய நிரலும் புதிய நிரலும் அதே கோப்பில் எழுதினால் கணக்கு குழம்பிவிடும்.

இந்தக் கதை பழசாகிவிடவில்லை. 32 பிட் நேரக் கணக்கு 2038-இல் தீர்ந்துவிடும் என்பதால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் பல லைப்ரரிகளின் பெயரில் 'டி64' என்று சேர்த்திருக்கிறார்கள். அதே பழைய உத்தி! புதியதற்குப் புதுப் பெயர் வை.

உங்கள் கணினியில் டெபியனோ உபுண்டுவோ இருந்தால் பொதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'இசட்லிப்1ஜி' என்று ஒரு பெயர் இருக்கும். கடைசியில் உள்ள அந்த 'ஜி', 1998-இல் தூண் மாற்றியவர்கள் விட்டுப்போன தழும்பு :-)