உருமாலின் உலகப் பயணம்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், விடியற்காலையில் மிதிவண்டி ஓட்டிச் செல்லும் இளைஞர் கூட்டங்களை இந்நாளில் நாம் காண்கிறோம். அவர்களுள் பலர் தலையில் ஒரு துணி அணிந்திருக்கின்றனர். தையல் இல்லாத குழாய் போன்ற அது, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஹெல்மெட்டின் அடியில் அணிந்தால் வியர்வை கண்ணில் இறங்காது. கழுத்தில் இறக்கிக்கொண்டால் வெயில் சுடாது. மூக்குவரை ஏற்றிக்கொண்டால் லாரிகள் கிளப்பும் புழுதி அண்டாது. 'பஃப்' என்றும் 'பந்தனா' என்றும் அதனை அழைக்கின்றனர். இது மேனாட்டு நாகரிகம் என்று பெரியவர்கள் ஒதுக்குவதும், அதே காரணத்தால் இளைஞர்கள் விரும்புவதும் இயல்பே. ஆனால் இரு சாராரும் அறியவேண்டிய சரித்திரம் ஒன்று இச்சிறு துணிக்குப் பின்னே இருக்கின்றது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நம் முன்னோர் தலையில் கட்டிய துணிக்கு 'உருமால்' என்று பெயர். இது பாரசீக மொழியின் 'ரூமால்' என்னும் சொல்லே. 'ரூ' என்றால் முகம். 'மால்' என்றால் துடைப்பது. முகம் துடைக்கும் துணியே தலையில் ஏறியது என்பதைச் சொல்லே காட்டிவிடுகின்றது. நம் வீடுகளில் வழங்கும் 'லேஞ்சு' என்னும் சொல், போர்த்துக்கீசியரின் 'லென்சோ' என்பதன் திரிபு. 'பந்தனா' என்பதும் அயலார் ஈந்த பெயரன்று. துணியை ஆங்காங்கே முடிந்து சாயம் தோய்க்கும் முறையைக் குறிக்கும் வடஇந்தியச் சொல்லிலிருந்து பிறந்து, ஆங்கிலத்தில் புகுந்து, நம்மிடமே திரும்பி வந்திருக்கின்றது.

சொற்கள் மட்டுமல்ல, துணியும் இக்கரையிலிருந்தே புறப்பட்டது. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கி அனுப்புவதே அவர்களது பெரு வாணிகம். பழவேற்காடும் தாம்பரமும் முற்காலத்தில் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்களாய் இருந்தன என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். 1639இல் சென்னையில் காலூன்றிய ஆங்கிலேயரும் துணிக்காகவே நெசவாளரைத் தேடினர். 1734இல் கூவம் ஆற்றின் கரையில் சிந்தாதிரிப்பேட்டை உருவானது நெசவாளரைக் குடியமர்த்துவதற்காகவே. மரைக்காயர் முதலிய நம் வணிகப் பெருமக்கள் கீழைக் கடல்களில் இத்துணிகளைக் கொண்டு விற்றனர். மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலேக்காட்' என்கின்றனர். பெலேக்காட் என்பது பழவேற்காடு அன்றி வேறில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆலைகள்கூடத் தாங்கள் செய்த போலிக் கைக்குட்டைகளுக்குப் 'புல்லிகேட்' என்றே பெயரிட்டன.

மேலை நாடுகளுக்குச் சென்ற துணிக்கோ 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர். சாயம் தோய்த்த நூலால் கட்டமிட்டு நெய்யப்பட்டதால் அதற்கு உள்புறம், வெளிப்புறம் என்ற வேற்றுமை இல்லை. எட்டுக் கஜத் துண்டு ஒன்றில் எட்டு உருமால்கள் அடங்கும். ஒவ்வொன்றும் 36 அங்குலச் சதுரம். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அதன் வாசனையை முகர்ந்தே அசலையும் போலியையும் கண்டனர் என்பர்.

இச்சதுரத் துணியில் ஒரு நுட்பம் உண்டு. நெய்த துணி பாவின் வழியே இழுத்தாலும் ஊடையின் வழியே இழுத்தாலும் நீளாது; மூலைவாட்டில் இழுத்தால் சற்று நீண்டு கொடுக்கும். உருமாலை மூலைக்கு மூலை மடித்தால் அதன் நீண்ட ஓரம் ஏறத்தாழ 51 அங்குலம். 22 அங்குலச் சுற்றளவுள்ள தலையை இருமுறை சுற்றிய பின்னும் முடிச்சிடுவதற்கு 7 அங்குலம் மிஞ்சும். நீண்டு கொடுக்கும் பக்கமே தலையைச் சுற்றி வருவதால் அது நழுவாமல் பற்றிக்கொள்ளும். ரப்பரும் எலாஸ்டிக்கும் இல்லாத காலத்து அறிவு இது.

இப்பயணத்தில் இருண்ட பகுதியும் உண்டு. அதனை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கிய ஐரோப்பிய வணிகர்கள், விலையாகக் கொடுத்த சரக்குகளுள் நம் நாட்டுத் துணியும் ஒன்று. நெய்தவன் அதை அறிந்திருக்க வழியில்லை. அவ்வாறு விற்கப்பட்டவர்களின் சந்ததியார் அமெரிக்கக் கரையிலும் கரீபியத் தீவுகளிலும் அதே துணியைத் தலையில் கட்டினர். ஸ்பானியரின் ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786ஆம் ஆண்டு ஆளுநர் எஸ்தெபான் மீரோ ஓர் ஆணை பிறப்பித்தார். விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் அலங்காரம் செய்துகொள்ளாமல் கூந்தலைத் துணியால் மறைக்கவேண்டும் என்பது அது. தாழ்த்துவதற்காக இடப்பட்ட அந்த ஆணையை அப்பெண்கள் மீறவில்லை. ஆனால் பளிச்சிடும் வண்ணத் துணிகளை, மெட்ராஸ் துணி உட்பட, மகுடம்போல் கட்டி நடந்தனர். இழிவின் அடையாளமாகக் கருதப்பட்டது பெருமையின் சின்னமாயிற்று. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் அத்தலைத்துணிக்கு இன்றும் 'மெட்ராஸ்' என்றே பெயர். 1853ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றிறங்கிய தமிழர்கள், தம் மண்ணின் துணி தமக்கு முன்பே அங்கு வந்திருப்பதைக் கண்டிருப்பர்.

நம் நாட்டிலும் தலைத்துணிக்கும் மானத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. நிலவுடைமையாளர் முன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டிய கொடுமை பல ஊர்களில் இருந்தது. வயலில் உழைத்தவர்க்கும், பல்லாவரம் குரோம்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளில் பாடுபட்டவர்க்கும் அத்துண்டே வெயிலுக்குக் குடை, சுமைக்குச் சும்மாடு, வியர்வைக்குக் கைக்குட்டை. இன்று 'பல பயன் தலையணி' என்று விளம்பரம் செய்யப்படுவதற்கு இதைவிட மூத்த முன்மாதிரி உண்டோ?

மிதிவண்டிக்காரர் அணியும் குழாய்த் துணி 1990களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதியிலுள்ள இகுவலாதா என்ற ஊரில் உருவானது. அதனை உருவாக்கிய ஜோன் ரோஜாஸ், மோட்டார் சைக்கிள் பயணத்தில் ஆர்வமுள்ளவர். அது நெய்த துணியன்று, பின்னல் துணி. பின்னலில் நூல் கண்ணிகளாகக் கோக்கப்படுவதால் எத்திசையிலும் நீளும். வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து துணி குழாயாகவே இறங்கும். பனியன் துணியும் அவ்வாறு இறங்குவதே. அத்தொழிலில் உலகப் புகழ் பெற்றது நம் திருப்பூர். பாலியெஸ்டர் இழை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. இழைகளுக்கிடையே பரப்பி விரைவில் உலரவிடும். சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் பருத்தி வெகுநேரம் நனைந்தே கிடக்கும். ஆகவே மிதிவண்டிக்கு அது பொருத்தமானதே. அதனைக் குறைகூற நமக்குக் காரணம் இல்லை.

நம் கவலை வேறு. 1996இல் மெட்ராஸ் என்ற பெயர் நகருக்கே மாறிவிட்டது. கடல்கடந்த தீவுகளில் மட்டும் அது துணியின் பெயராய் வாழ்கின்றது. உருமால் என்ற சொல்லை நம் பிள்ளைகள் அறியார். அதனை நெய்த தறிகளுள் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டன. பாட்டனார் பெட்டியில் மடித்து வைத்த கைலியோ உருமாலோ இன்னும் இருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதனைக் கந்தல் என்று எறிந்துவிடாமல், எந்த ஊர்த் தறியில் நெய்தது, யார் எங்கிருந்து கொண்டுவந்தது என்று மூத்தோரிடம் கேட்டு எழுதி வைப்போம். குழாய்த் துணி அணிந்து புறப்படும் பேரனிடம் அதை ஒருமுறை விரித்துக் காட்டுவோம். தன் தலையில் இருப்பது அந்நியர் கொடுத்த புதுமை என்று அவன் எண்ணாதிருக்க அதுவே போதும்.