விழிப்புணர்வுக்கு அப்பால்: உடும்பஞ்சோலை ஏலமலையில் இளையோர் தற்கொலைத் தடுப்பு

விடியுமுன்னே போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். போடிமெட்டு வழியாகச் சில, கம்பம்மெட்டு வழியாகச் சில. மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து வரும் பெண்கள் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள உடும்பஞ்சோலை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். பொழுது சாய்ந்து வீடு திரும்புவார்கள். மலையிலேயே லயங்களில் தங்கி வேலை பார்க்கும் குடும்பங்கள் தனி. இந்த இரு வகைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சில நிலைமைகள் பொதுவானவை. பெற்றோர் கண்ணில் படும் நேரம் குறைவு. வீட்டில் பேசுவது தமிழ். மலையில் அலுவலகம், மருத்துவமனை, காவல்நிலையம் எல்லாம் மலையாளம். 1956 மாநில மறுசீரமைப்பில் இந்த மலைப்பகுதியின் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபோது அரசியல் கேள்வி முடிந்தது. அந்தப் பிள்ளைகள் தங்கள் மனக்கஷ்டத்தை எந்த மொழியில், யாரிடம் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தனர். கேரளத்தில் அது 28.5, தமிழ்நாட்டில் 25.9. அதாவது, இந்த மலைக்கு இருபுறமும் உள்ள இரண்டு மாநிலங்களும் தேசிய சராசரியின் இருமடங்குக்கு மேல் நிற்கின்றன. அந்த ஓராண்டில் நாடு முழுவதும் இறந்த மாணவர்கள் மட்டும் 13,044 பேர். படிப்பறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் இரு மாநிலங்களில் நிலைமை இப்படியென்றால், மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது.

ஆனால் நடப்பதெல்லாம் பெரும்பாலும் அதுதான். உலகத் தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10 வந்தால் ஊர்வலம், பதாகை, உறுதிமொழி. அதில் கலந்துகொள்வோரின் அக்கறை உண்மையானது, குறை சொல்வதற்கில்லை. கேள்வி, செப்டம்பர் 11 அன்று அந்தப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்பதே. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடந்து, 2015இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு ஒரு தெளிவு தருகிறது. ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தரப்பட்டது. இன்னொன்றில் மாணவர்களைச் சோதித்து, தேவைப்பட்டவர்களை நிபுணரிடம் அனுப்பினார்கள். மூன்றாவதில் மாணவர்களே நடித்தும் பேசியும் தங்கள் நெருக்கடிகளை அலசினார்கள். ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை முயற்சிகளைக் கண்கூடாகக் குறைத்தது மூன்றாவது மட்டுமே. ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. குஜராத்தின் மேசானா மாவட்டக் கிராமங்களில் புனேயைச் சேர்ந்த மனநலச் சட்ட, கொள்கை மையம் நடத்தும் திட்டமும் இதே பாடத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, பிள்ளைகளைப் பேசவிடுவது பலன் தருகிறது. நெடுங்கண்டம் பள்ளி ஒன்றில் இது நடந்தால், தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே பேச இடம் இருக்க வேண்டும். சண்டையை, காதலை, கடனை, அப்பாவின் குடியை இரண்டாம் மொழியில் நடித்துக்காட்டச் சொல்வது வீண்.

அதைவிட முக்கியமான சான்று தமிழர்களிடமிருந்தே கிடைத்திருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதி முகாம்களில் ஒரு முயற்சி செய்தார்கள். வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவரவில்லை. முகாமில் வசிப்பவர்களிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். ஆபத்தில் இருப்பவரை அவர்கள் விடாமல் போய்ப் பார்த்தார்கள். மனம் தாளாத நேரத்தில் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று அவரோடு உட்கார்ந்தே ஓர் அட்டையில் எழுதிக்கொடுத்தார்கள். தற்கொலை முயற்சிகள் குறைந்தன. முகாமின் வரிசை வீடுகளுக்கும் தோட்டத்து லயங்களுக்கும் அமைப்பில் அதிக வேறுபாடு இல்லை. ஒரே சுவர், ஒரே குழாயடி, ஒரு வீட்டுச் சண்டை எட்டு வீட்டுக்குக் கேட்கும் நெருக்கம்.

அந்த நெருக்கத்தில் ஒரு சிக்கலும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. லயத்தில் ரகசியம் தங்காது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பெண் சொன்னது மறுநாள் கங்காணி காதுக்குப் போகும் என்றால் அவள் சொல்லவே மாட்டாள். ஆகவே தன்னார்வலரைத் தேர்வதில் தோட்ட நிர்வாகத்துக்குக் கை இருக்கக் கூடாது. பக்கத்து லயத்துப் பெண்ணைவிட அடுத்த தோட்டத்துப் பெண் மேல்.

முயற்சிக்குப் பிந்திய மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைக்கு வந்து பிழைத்த 1,867 பேரைப் பின்தொடர்ந்தது. பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணிநேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. பதினெட்டு மாத முடிவில் முதல் குழுவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள்; இரண்டாவதில் 0.2. இதற்கு விலையுயர்ந்த கருவியோ புதுக் கட்டடமோ தேவைப்படவில்லை. ஒன்பது முறை கூப்பிட்டு, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஒன்பது அழைப்புகள் இந்த மலையில் எங்கே அறுபடும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. நெடுங்கண்டத்தில் முதலுதவி பெறும் ஓர் இளைஞனை, நிலைமை மோசமென்றால், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கோட்டயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சொந்தபந்தம் கீழே இருப்பவர்களோ தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கே இறங்குவார்கள். அங்கே உயிர் பிழைத்து வீடு திரும்புபவன் எந்த மாநிலத்துப் பட்டியலிலும் தொடர்ந்து இருப்பதில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பமும் வாய் திறக்காது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. இந்தச் செய்தி லயத்துக்கு வந்துசேரவில்லை. விழிப்புணர்வு ஊர்வலம் போகத்தான் வேண்டுமென்றால், அது இதைச் சொல்லிப் போகட்டும்.

அடுத்தது பூச்சிமருந்து. ஏலம் பூச்சி அதிகம் விழும் பயிர். பல தோட்டங்களில் ஏறக்குறைய மாதந்தோறும் மருந்து அடிக்கிறார்கள். பெரிய தோட்டத்தில் அதற்குத் தனி அறையும் பூட்டும் இருக்கும். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டில், மிச்ச மருந்து வீட்டோடுதான் கிடக்கும். இளம் வயதில் வரும் நெருக்கடி பெரும்பாலும் சில மணிநேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதுமில்லை. இலங்கை இதை ஒரு நாடு முழுக்கச் செய்து காட்டியது. 1984 தொடங்கிக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபதாண்டுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. விளைச்சல் குறையவில்லை.

வீடுதோறும் பூட்டுப்பெட்டி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவு, பலனில்லை என்பதே. சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் செய்து பார்த்த பொதுச் சேமிப்பறை வேறு வகை: ஊருக்குப் பொதுவான இடத்தில் ஆளுக்கொரு பெட்டகம், பொறுப்பாளர் ஒருவர், மருந்து வேண்டுமென்றால் நடந்து போய் எடுக்க வேண்டும். உடும்பஞ்சோலையின் சிறு விவசாயிகளுக்கு இது பொருந்தும். ஆனால் தடைதான் முதன்மையான வழி. அதிலும் எல்லை குறுக்கே நிற்கிறது. 2011இல் கேரளம் பத்துக்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. தடைபட்ட சரக்கு சோதனைச்சாவடி தாண்டி மேலே வருவதாகச் செய்திகள் வந்தபடி இருந்தன. தமிழ்நாடு 2022–23இல் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு விதித்தது 60 நாள் தடை. மலையின் ஒரு சரிவில் மட்டும் தடை செய்வது பாதித் தடைதான்.

பணமும் இதில் உண்டு. 2019இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு இடுக்கியில் விவசாயிகள் அடுத்தடுத்து உயிரிழந்தபோது கேரள அரசு பயிர்க்கடன் வசூலை 2019 டிசம்பர் வரை நிறுத்திவைத்தது. அது சரியான தலையீடு. வீட்டின் கடனைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். கொள்கை முடிவு ஒன்று உயிரைக் காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் உடனடித் துணைத்தேர்வும் சான்று: தோற்ற மாணவர் ஓராண்டை இழக்க வேண்டியதில்லை என்றானபின் தேர்வுத் தோல்வியால் நேர்ந்த மரணங்கள் குறைந்தன.

கேரளத்திடம் ஆள்பலம் இருக்கிறது. குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வுக்கான ‘ஆஸ்வாசம்’ திட்டம், குடும்பஸ்ரீயின் பாலசபைகள், வீடு தேடிப் போகும் வலிநிவாரணத் தன்னார்வலர்கள் என்று இந்தியாவின் வேறெந்த மாநிலமும் பொறாமைப்படும் வலைப்பின்னல் அது. ஆனால் எல்லாச் சுமையும் கடைசியில் ஆஷா பணியாளர் தோளில் போய் விழுகிறது. மதிப்பூதிய உயர்வு கேட்டு 2025 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்த அந்தப் பெண்களிடம், கூடுதல் ஊதியம் இல்லாமல் இன்னொரு பதிவேட்டைக் கொடுப்பது அநியாயம், திட்டமும் நிற்காது.

ஆகவே தொடக்கம் சிறிதாக இருக்கலாம். நெடுங்கண்டம் மருத்துவமனையில் ஊதியத்தோடு, தமிழும் மலையாளமும் பேசும் ஒரு செவிலியர் பணியிடம். பிழைத்து வருபவரோடும் குடும்பத்தோடும் ஒரு மணிநேரம் உட்காருவது அவர் வேலை. இரு மொழியிலும் கிடைக்கும் டெலி மானஸ் 14416, கேரளத்தின் திஷா 1056 ஆகிய எண்களை அவர்கள் கைப்பேசியிலேயே பதிந்து கொடுப்பார். முதல், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரங்களில், பிறகு நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்களில் அழைப்பார். குடும்பம் மலையிறங்கினால், அவர்கள் சம்மதத்தோடு, தேனி மாவட்ட மனநலத் திட்டத்துக்குத் தகவல் போகும். தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் மீதி அழைப்புகளை எடுத்துக்கொள்வார். இதற்கு இடுக்கி, தேனி ஆகிய இரண்டு மாவட்ட நிர்வாகங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். சபரிமலைப் பருவக் கூட்டத்துக்காகக் குமுளியில் அவர்கள் சேர்ந்து திட்டமிடுவது ஆண்டுதோறும் நடப்பதுதான்.