நூலின் தூரம், காற்றின் தூரம்

தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் கொடுத்தால் ஏறத்தாழ 12,370 கி.மீ. என்று வரும். ஆனால் 2016 அக்டோபரில் ஏர் இந்தியா விமானம் ஒன்று இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 15,300 கி.மீ. பறந்தது. இரண்டு கணக்குமே சரிதான்.

முதல் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை ஒன்றை எடுத்து, நூலின் ஒரு முனையைத் தில்லிமேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவரை தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே நழுவி வடக்கே ஏறும். 75 பாகை அட்சம் தாண்டி ஆர்க்டிக் கடல்மேல் போய்த்தான் நிற்கும். நூலை அளந்தால் 29 செ.மீ. உருண்டையின் சுற்றளவான 94 செ.மீ.க்கு 40,000 கி.மீ. என்றால் இதற்கு எவ்வளவு என்று பாருங்கள், விடை கிட்டத்தட்ட வந்துவிடும். இணையக் கணிப்பானும் இந்த நூலைத்தான் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்து இழுக்கிறது.

சென்னை–சிங்கப்பூர் போன்ற வழிகளில் இந்தக் கணக்கே போதும். சுமார் 2,920 கி.மீ., பெரும்பாலும் கடல்தான், அதிலும் நிலநடுக்கோட்டுப் பக்கம். சுவரில் மாட்டிய வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடுகூட அங்கே நூலை விட்டு அதிகம் விலகாது.

தில்லி–சான் பிரான்சிஸ்கோ அப்படியல்ல. நூல் இமயமலையையும் திபெத்தையும் கடக்கிறது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதனால் முன்பெல்லாம் மேற்கே அட்லாண்டிக் வழியாகச் சுற்றிப் போனார்கள், சுமார் 13,900 கி.மீ. 2016இல் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியைப் பிடித்தார்கள். இன்னும் 1,400 கி.மீ. கூடுதல், ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்.

காரணம் மேல்காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் ஜெட் காற்று விமானத்தை முதுகில் பிடித்துத் தள்ளியது. 15,300ஐப் பதினான்கரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. விமானத்தின் சொந்த வேகம் 900 என்று வைத்துக்கொண்டால், அது தன் முயற்சியால் கடந்தது 13,050 கி.மீ. மட்டுமே. மீதி 2,250 கி.மீ. காற்று சுமந்துபோனது. மூன்றாவது எண்ணான அந்த 13,050தான் எனக்கு மிகவும் பிடித்தது. எவ்வளவு எரிபொருள் நிரப்புவது என்பதை நூலின் தூரத்தைவிட இதுதான் தீர்மானிக்கிறது.

அதே பாதையில், அதே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்பினால் வேகம் 745க்கு இறங்கிவிடும். அப்போது அந்த 15,300 கி.மீ.க்கு இருபதரை மணி நேரம் ஆகும்.