ஃப்ரீபிஎஸ்டி நிறுவனங்களுக்குள் நுழைந்த வரலாறு: 1993 முதல் 2021 வரை

முன்னுரை

திறமூல இயங்குதளம் என்றதும் நினைவுக்கு வருவது லினக்ஸ். ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்த ஃப்ரீபிஎஸ்டியைக் கணினித் துறையினரிலேயே பலர் அறிந்ததில்லை. ஆயினும் யாஹூ, ஹாட்மெயில், வாட்ஸ்அப், நெட்ஃபிளிக்ஸ் ஆகியவற்றின் பெரும் பாரத்தை அது சுமந்திருக்கிறது. பெரிய விற்பனைப் படை எதுவும் இல்லாத ஓர் இயங்குதளத்தை இந்நிறுவனங்கள் ஏற்றது எப்படி? முடிவெடுக்கும் அதிகாரமுள்ள பொறியாளர், எல்லை தெளிவான ஒரு வேலையை அதனிடம் ஒப்படைத்த இடங்களில்தான் அது வேரூன்றியது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

வழக்கும் உரிமமும்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான யூனிக்ஸ் மரபே ஃப்ரீபிஎஸ்டியின் மூலம். அதைச் சாதாரணக் கணினிகளில் ஓடவைக்க வில்லியம் ஜோலிட்ஸும் லின் ஜோலிட்ஸும் 1992இல் 386பிஎஸ்டியை வெளியிட்டனர். அதில் திருத்தங்கள் சேர்த்துவந்த தன்னார்வலர்கள் 1993இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற தனித் திட்டம் தொடங்கினர். ஆனால் பெர்க்லி மூலநிரலின் உரிமை குறித்து ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் 1992இல் தொடுத்த வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. 1994 தொடக்கத்தில் வழக்கு சமரசமானது. சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்கி மறுபடி கட்டிய 2.0 பதிப்பு அதே ஆண்டு நவம்பரில் வந்தது. நாளை நீதிமன்றம் ஏற நேரலாம் என்ற அச்சம் இருக்கும்வரை எந்த மேலாளரும் கையெழுத்திடத் தயங்குவார். அந்த இடைவெளியில் லினக்ஸ் வெகுதூரம் முன்னேறிவிட்டது.

வழக்கு தீர்ந்தபின் உரிமமே ஃப்ரீபிஎஸ்டிக்குப் பலமாயிற்று. மூலநிரலை மாற்றி விற்பனைப் பொருளில் சேர்ப்பவர், அம்மாற்றங்களை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஜூனிப்பரின் ரவுட்டர் மென்பொருளும் சோனியின் பிளேஸ்டேஷன் 4 இயங்குதளமும் இந்த அடித்தளத்தில் எழுந்தவை.

கண்முன் காட்டிய சான்று

கலிஃபோர்னியாவின் வால்னட் கிரீக் சிடிராம் நிறுவனம் இயங்குதளத்தைக் குறுந்தட்டுகளில் விற்றது. அதன் கோப்புக் களஞ்சியம் ஒரே ஒரு ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் இயங்கியது. 1999இல் அந்த ஒற்றைக் கணினி ஒரு நாளில் 1 டெராபைட்டுக்கும் மேல் தரவு வழங்கியது. பதிவிறக்கியவர் எவரும் அதன் திறனை நேரடியாகவே அனுபவித்தார். யாஹூவில் நிறுவனர்களுள் ஒருவரான டேவிட் ஃபைலோவே ஃப்ரீபிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்ததால், மேலிடத்தின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

உரிமையாளர் மாறியபோது

1996இல் தொடங்கிய ஹாட்மெயிலின் வலைச் சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் இயங்கின. 1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2000இல் அந்தச் சர்வர்களை விண்டோஸ் 2000க்கு மாற்றியது. தன் போட்டி இயங்குதளத்தில் தன் சேவையே ஓடுவதை ஒரு விற்பனை நிறுவனம் நீண்டகாலம் பொறுக்காது. தொழில்நுட்பத் தகுதி மட்டும் ஓர் இயங்குதளத்தின் இடத்தைக் காக்காது என்பதற்கு இது தெளிவான சான்று.

ஆட்களோடு பயணித்த அறிவு

யாஹூவில் பணியாற்றிய ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் வாட்ஸ்அப்பை வளர்த்தபோது, பழகிய இயங்குதளத்தையே கொண்டுவந்தனர். ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளைத் தாங்கியதாக 2012இல் வாட்ஸ்அப் அறிவித்தது. சிறிய குழு பெருங்கூட்டத்துக்குச் சேவை தர இது கைகொடுத்தது. கூம் 2014இல் ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளைக்கு 10 லட்சம் டாலர் வழங்கினார். அதே ஆண்டு ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியது. பின்னர் சேவை ஃபேஸ்புக்கின் லினக்ஸ் தரவு மையங்களுக்கு நகர்ந்தது. ஹாட்மெயிலில் நடந்ததே இங்கும் நடந்தது.

நெட்ஃபிளிக்ஸ்: ஏற்பிலிருந்து பங்களிப்புக்கு

2012இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த, ஃப்ரீபிஎஸ்டியில் இயங்கும் ஓப்பன் கனெக்ட் சர்வர்கள் இணையச் சேவை நிறுவனங்களின் வளாகங்களிலேயே வைக்கப்படுகின்றன. சேமித்த படத்தைப் பார்வையாளருக்கு அனுப்புவதே அவற்றின் வேலை. வழக்கமான முறையில், வட்டிலிருந்து படித்த தரவு இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலிருந்து பயன்பாட்டு நிரலுக்குப் போய், மறையாக்கம் பெற்று, மீண்டும் கர்னலுக்கு வந்துதான் வெளியேறும். இந்தப் போக்குவரத்திலேயே நினைவகத்தின் வேகம் கரைகிறது. மறையாக்கத்தைக் கர்னலுக்குள்ளேயே செய்யும் வழியை நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் உருவாக்கினர். 2021இல் ஒரே சர்வர் நொடிக்கு 400 கிகாபிட் அளவில் காணொளியை அனுப்பியது. உரிமம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், மாற்றங்களை அவர்கள் பொதுத் திட்டத்துக்கே திருப்பித் தந்தனர். தனியே வைத்திருந்தால், ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அவற்றை மறுபடி பொருத்தும் செலவு தலையில் விழும்.

முடிவுரை

அலுவலகத்தில் அறியப்படாத ஓர் இயங்குதளத்தைப் பரிந்துரைப்பவர் இந்த வரலாற்றிலிருந்து மூன்று பாடங்களைப் பெறலாம். சட்டச் சிக்கல் இல்லை என்பதை முதலில் எழுத்தில் காட்ட வேண்டும். எல்லா மேசைக் கணினிகளையும் மாற்றக் கேட்காமல், விளைவை அளக்கக்கூடிய ஒரு வேலையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வேலை வெற்றி பெற்றதும், அறிவு ஒருவரிடமே தங்காமல் குழுவுக்குப் பரவவும், திருத்தங்கள் பொதுத் திட்டத்தில் சேரவும் வழிசெய்ய வேண்டும். ஆதரித்தவர் விலகிய பிறகும் அந்த இயங்குதளம் அலுவலகத்தில் நிலைப்பது பெரிதும் இந்த மூன்றாவது பணியைப் பொறுத்தது.